அப்பாவின் இதயத்தில் போட்டு எடுத்த அந்த ஒயர்

மூன்று வாரங்களுக்கு முன்பு, அதிகாலை 2 மணிக்கு, 67 வயது அப்பாவை மருத்துவமனைக்குக் கூட்டிக்கொண்டு ஓடிய மகள் ஒருவர் எழுதியிருக்கிறார். வயிற்றின் மேற்பக்கம் எரிச்சல், குமட்டல், சட்டை நனைகிற அளவுக்கு வியர்வை. வாயுத் தொல்லை என்று நினைத்து ஒரு மணி நேரம் வீட்டிலேயே இருந்துவிட்டார்கள். இசிஜி எடுத்ததும் மாரடைப்பு என்று தெரிந்து இதய ரத்தக்குழாய் அடைப்பைத் திறக்கிற கேத் லேபுக்குள் உடனே கொண்டுபோனார்கள். வலது ரத்தக்குழாய் முழுவதும் அடைத்திருந்தது. பாதி வேலையில் ஒரு மருத்துவர் வெளியே வந்து, "நாடித்துடிப்பு 30-க்கு இறங்கிவிட்டது, தற்காலிக பேஸ்மேக்கர் போடுகிறோம்" என்று சொல்லிக் கையெழுத்து வாங்கிப் போனார். ஸ்டென்ட் வைத்தார்கள். தொடை இடுக்கு வழியாகப் போட்டிருந்த பேஸ்மேக்கர் ஒயரை ஒன்றரை நாள் கழித்து எடுத்துவிட்டார்கள். ஐந்தாம் நாள் அப்பா நடந்தே வீடு திரும்பினார்.

அதற்குப் பிறகுதான் இவருக்குத் தூக்கம் போயிருக்கிறது. டிஸ்சார்ஜ் சம்மரியில் ‘கம்ப்ளீட் ஹார்ட் பிளாக்’ என்று எழுதியிருக்கிறது. ஸ்டென்ட் வைத்த பிறகும் முழு அடைப்பா என்று பயம். வெளிநாட்டில் இருக்கும் அண்ணன், "பலவீனமான இதயத்தில் கரண்ட் வைக்க நீ எப்படிக் கையெழுத்துப் போட்டாய்?" என்கிறார். அடுத்த முறை பேசும்போது அவரே, "அவ்வளவு சீக்கிரம் ஏன் எடுத்தார்கள்?" என்றும் கேட்கிறார். இதற்கிடையே, அடைப்பைத் திறக்கும்போது மின்துடிப்பு கொடுத்தால் இதயத் தசை காப்பாற்றப்படும் என்று இணையத்தில் ஓர் ஆராய்ச்சிக் கட்டுரையையும் மகள் படித்திருக்கிறார். அப்பாவுக்கு இடது பக்கத்து முன் ரத்தக்குழாயில் கால்சியம் படிந்த 80 சதவீத அடைப்பு ஒன்று மீதம் இருக்கிறது. இரண்டு வாரத்தில் அதைத் திறக்கப் போகிறார்கள். துளைக்கும் கருவி தேவைப்படலாம், "வேண்டுமென்றால் ஒயர் போட்டுக்கொள்வோம்" என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். ‘வேண்டுமென்றால்’ என்று விடாமல் கட்டாயம் போடச் சொல்லலாமா? நிரந்தர பேஸ்மேக்கர் தேவைப்படுமா? அன்று நான் செய்தது தவறா? "அப்பாவிடம் இதில் எதையும் சொல்லவில்லை, பயந்துவிடுவார்" என்று கடிதம் முடிகிறது.

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் கடைசியில் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் செய்தது தவறில்லை.

நாடி 30-க்கு இறங்கி, கூடவே ரத்த அழுத்தமும் விழுந்தால் மூளைக்கும் சிறுநீரகத்துக்கும் போகிற ரத்தம் குறையும். ஏற்கெனவே ரத்தம் இல்லாமல் தவிக்கிற இதயத் தசைக்கு இன்னும் குறையும். முதலில் அட்ரோபின் போன்ற ஊசி மருந்தைக் கொடுத்துப் பார்ப்போம். அதற்கும் துடிப்பு ஏறவில்லை என்றால் ஒயர்தான் வழி. உங்கள் கையெழுத்து வரத் தாமதமாகியிருந்தாலும், உயிர் போகிற அந்த நேரத்தில் அவர்கள் அதைச் செய்திருப்பார்கள், செய்துதான் ஆக வேண்டும். பல வருடங்களாக அந்த அறைக்குள் நின்று வேலை செய்கிறவன் நான். வெளியே நிற்கிற பிள்ளைகள் இரண்டு நிமிடத்தில் ‘சரி, செய்யுங்கள்’ என்று சொல்லும்போது உள்ளே எங்களுக்கு எவ்வளவு தெம்பு வரும் என்று எனக்குத் தெரியும். ஆயிரம் மைல் தள்ளி இருக்கிற அண்ணனுக்கு அந்த இரண்டு நிமிடம் எப்படி இருந்தது என்று தெரிய வாய்ப்பில்லை. அவர் கோபத்துக்குள் இருப்பது பக்கத்தில் இருக்க முடியவில்லையே என்கிற தவிப்பாகவும் இருக்கலாம்.

ஒரே சொல், இரண்டு நோய்

உங்கள் பயத்தில் பாதி ஒரு சொல்லால் வந்தது. ‘அப்பாவுக்கு மூணு பிளாக்’ என்று நாம் பேசும்போது ரத்தக்குழாய்க்குள் கொழுப்பு படிந்து வழி குறுகியிருப்பதைச் சொல்கிறோம். சம்மரியில் இருக்கும் ‘கம்ப்ளீட் ஹார்ட் பிளாக்’ அதுவல்ல. இதயத்தின் மேல் அறையில் பிறக்கிற மின் சமிக்ஞை கீழ் அறைக்கு இறங்கி வராமல் வழியில் நின்றுபோவதற்குத்தான் அந்தப் பெயர். முன்னது ரத்தம் ஓடும் குழாயில் வருகிற கோளாறு, இது மின்சாரம் ஓடும் பாதையில் வருகிற கோளாறு. ஸ்டென்ட் மூடிக்கொண்டது என்று அதற்கு அர்த்தமே கிடையாது. சம்மரியைக் கையில் கொடுக்கும்போது இந்த ஒரு வரியை யாராவது விளக்கியிருந்தால் உங்களுக்கு மூன்று வாரத் தூக்கம் மிஞ்சியிருக்கும். அதைச் சொல்லாமல் விட்டது மருத்துவர்களாகிய எங்கள் பக்கத்துக் குறை.

ஆனால் இரண்டு நோய்க்கும் தொடர்பு உண்டு. மேல் அறைக்கும் கீழ் அறைக்கும் நடுவில் ஏவி நோடு என்று சின்னதாக ஒரு திசு முடிச்சு இருக்கிறது. மேலிருந்து வரும் சமிக்ஞை அதைத் தாண்டித்தான் கீழே போக வேண்டும். பத்துப் பேரில் சுமார் ஒன்பது பேருக்கு அந்த முடிச்சுக்கான ரத்தம் வலது கொரோனரி ரத்தக்குழாயிலிருந்துதான் வருகிறது. அப்பாவுக்கு அடைத்தது அதே குழாய். முடிச்சுக்கு ரத்தம் நின்றது, சமிக்ஞையும் நின்றது.

இன்னொன்றும் சேர்ந்திருக்கலாம். அதே வலது குழாயிலிருந்து பெரும்பாலும் ரத்தம் பெறுகிற இதயத்தின் அடிச்சுவரில், நாடியை மெதுவாக்கும் வேகஸ் நரம்பின் நுனிகள் நிறைய இருக்கின்றன. அங்கே ரத்தம் தடைபட்டாலும் சரி, தடைபட்டிருந்த ரத்தம் திடீரென்று பாய்ந்தாலும் சரி, அந்த நரம்பு தூண்டப்பட்டு நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் ஒன்றாக விழும். பெசோல்ட்-யாரிஷ் அனிச்சை என்று இதற்குப் பெயர். வலது குழாய் திறந்த சில நொடிகளில் மானிட்டரில் துடிப்புகளுக்கு நடுவே இடைவெளி நீண்டுகொண்டே போவதை நாங்கள் அடிக்கடி பார்க்கிறோம். பார்க்கிறவர்களுக்குப் பகீரென்று இருக்கும். ஆனால் ரத்தம் மறுபடி ஓடத் தொடங்கிவிட்டது என்பதன் அடையாளமாகவும் பல நேரம் அது அமைவதுண்டு. ஸ்டென்ட் வைத்ததில் ஏதோ பிழை நடந்து நாடி விழுந்தது என்ற சந்தேகம் உங்கள் கடிதத்தில் வரிகளுக்கு நடுவே தெரிகிறது. நீங்கள் எழுதியிருக்கிற விவரங்களில் அப்படி நினைக்க இடமில்லை. வலது குழாய் அடைத்து வரும் மாரடைப்பின் குணமே இதுதான். அன்று இரவு வயிற்று எரிச்சலும் குமட்டலுமாக வந்ததுகூட அடிச்சுவர் பாதிக்கப்பட்டதால்தான்.

இந்த வகைக்கு ஒரு நல்ல பக்கம் உண்டு. அடிச்சுவர் மாரடைப்பில் வருகிற ஹார்ட் பிளாக் பெரும்பாலும் சில மணி நேரத்திலோ சில நாட்களிலோ தானாகவே சரியாகிவிடும். முடிச்சு செத்துப்போவதில்லை, மயங்கித்தான் கிடக்கிறது. முன்சுவர் மாரடைப்பில் ஹார்ட் பிளாக் வந்தால் அது வேறு கதை. அங்கே பாதை அறுபடுகிற அளவுக்கு நிறையத் தசை செத்திருக்கிறது என்று பொருள், அதனால் ஆபத்து பல மடங்கு அதிகம். உங்கள் அப்பாவுக்கு வந்தது முதல் வகை.

ஒயர் என்ன செய்தது, ஏன் எடுத்தார்கள்

தொடை இடுக்கில் இருக்கும் பெரிய சிரை வழியாக ஒரு மெல்லிய ஒயரை இதயத்தின் வலது கீழ் அறை வரைக்கும் தள்ளி, அதன் நுனியை உள்சுவரில் ஒட்டினாற்போல நிறுத்துவார்கள். மறு முனை படுக்கைக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டியில் இருக்கும். அந்தப் பெட்டிகளில் பல, கடையில் கிடைக்கிற 9 வோல்ட் பேட்டரியில் ஓடுகிறவை. ஒயர் நல்ல இடத்தில் உட்கார்ந்துவிட்டால் இதயத்தைத் துடிக்க வைக்க ஒரு மில்லி ஆம்பியருக்கும் குறைவான மின்சாரம் போதும். பாதுகாப்புக்காக அதைவிடச் சில மடங்கு கூட்டி வைப்போம், அவ்வளவுதான். அண்ணன் மனதில் இருப்பது நெஞ்சில் தகடு வைத்துக் கொடுக்கிற மின் அதிர்ச்சி என்று நினைக்கிறேன். அது 150, 200 ஜூல். பேஸ்மேக்கரின் ஒரு துடிப்பில் இருக்கிற ஆற்றல் அதில் லட்சத்தில் ஒரு பங்குகூட வராது. தேவைப்படாதபோது பெட்டி சும்மா இருந்து கவனித்துக்கொண்டிருக்கும். இதயம் தானாகத் துடிக்கத் தாமதித்தால் மட்டும் ஒரு துடிப்பைக் கொடுக்கும்.

அப்படியென்றால் ஒயரை ஏன் ஒரு வாரம் விட்டு வைக்கவில்லை? ஒயரால் வருகிற கெடுதல்கள் எல்லாம் அது உள்ளே இருக்கிற நேரத்தோடு கூடுகிறவை. கிருமித் தொற்று வரலாம். போட்ட இடத்தில் ரத்தம் கசியலாம். நுனி நகர்ந்து தசையைச் சீண்டி, தாறுமாறான துடிப்பை உண்டாக்கலாம். அரிதாக, மாரடைப்பால் மெலிந்துபோன சுவரை ஒயர் துளைத்து, இதயத்தைச் சுற்றியிருக்கும் உறைக்குள் ரத்தம் கட்டிக்கொள்ளலாம். அது உயிருக்கே ஆபத்து. அப்பாவைக் காலை மடக்கக்கூட விடாமல் படுக்க வைத்திருந்ததாக வருத்தப்பட்டு எழுதியிருக்கிறீர்களே, ஒயர் நகராமல் இருக்கத்தான் அது. சொந்தத் துடிப்பு நிலையாகத் திரும்பிவிட்டது என்று பெட்டியின் வேகத்தைக் குறைத்துப் பார்த்து, இசிஜியில் உறுதி செய்துகொண்டு, ஒன்றரை நாளில் எடுத்திருக்கிறார்கள். சரியான வேலை.

நிரந்தர பேஸ்மேக்கர் பற்றிய பயமும் வேண்டாம். மாரடைப்புக்குப் பிறகு வந்த ஹார்ட் பிளாக் குறைந்தது 5 நாள் காத்திருந்தும் சரியாகவில்லை என்றால்தான் நிரந்தர பேஸ்மேக்கர் என்று 2021-ல் வந்த ஐரோப்பிய இதயவியல் வழிகாட்டுதல் சொல்கிறது. அப்பாவுக்கு ஒன்றரை நாளில் சரியாகிவிட்டது. தற்காலிகமாக ஒன்று போட்டதாலேயே பிற்பாடு நிரந்தரமாகவும் ஒன்று தேவைப்படும் என்று பலர் நம்புகிறார்கள். அப்படி எந்தக் கணக்கும் கிடையாது.

மின்துடிப்பு தசையைக் காப்பாற்றுமா?

இனி நீங்கள் படித்த கட்டுரை. நீங்கள் படித்தது கட்டுக்கதை அல்ல, பின்னால் நிஜமான அறிவியல் இருக்கிறது. அதனால்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

1986-ல் அமெரிக்காவில் மர்ரி, ஜென்னிங்ஸ், ரெய்மர் என்ற மூன்று ஆய்வாளர்கள் நாய்களின் இதய ரத்தக்குழாயை 5 நிமிடம் அடைத்து 5 நிமிடம் திறந்துவிட்டார்கள். இப்படி நான்கு முறை செய்துவிட்டு, பிறகு 40 நிமிடம் சேர்ந்தாற்போல அடைத்தார்கள். முதலில் அந்தச் சின்னச் சின்ன அடைப்புகளைத் தாங்கிய இதயங்களில், அப்படிப் பழக்கப்படாத இதயங்களோடு ஒப்பிட்டால் செத்த தசை நான்கில் ஒரு பங்குதான் இருந்தது. சிறு துன்பத்தைத் தாங்கிய தசை, பெரிய துன்பத்துக்குத் தன்னைத் தயார்செய்துகொள்கிறது என்பது அன்றைக்கு யாரும் எதிர்பார்க்காத முடிவு. 2003-ல் இன்னொரு குழு, அடைப்பைத் திறந்த பிறகு ரத்தத்தை ஒரேயடியாகப் பாய விடாமல், 30 நொடி விட்டு 30 நொடி நிறுத்தி மூன்று முறை செய்தாலும் தசை ஓரளவு தப்புகிறது என்று காட்டியது. ஏனென்றால் ரத்தம் நின்றால் தசை சாகிறது என்பது போலவே, நின்ற ரத்தம் திடீரென்று திரும்பும்போதும் கொஞ்சம் தசை சாகிறது.

மின்துடிப்பு இங்கேதான் நுழைகிறது. இயல்பான துடிப்பில் கீழ் அறைகளின் எல்லாப் பகுதியும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் சுருங்கும். ஒயரின் நுனியிலிருந்து துடிப்பைக் கிளப்பினால் அந்த இடம் முன்னதாகவும் எதிர்ப்பக்கம் தாமதமாகவும் சுருங்கும். தாமதமாகிற தசை ஒரு கணம் இழுபடும். இப்படி விட்டுவிட்டு இழுபடுவதையே தசை ‘சிறு துன்பமாக’ எடுத்துக்கொண்டு தன்னைக் காத்துக்கொள்ளுமா என்று நெதர்லாந்தில் மாஸ்ட்ரிக்ட் நகரத்து ஆய்வாளர்கள் யோசித்தார்கள். முயல் இதயங்களில் பலன் தெரிந்தது. அதன் பிறகு, மாரடைப்போடு வந்தவர்களுக்குக் குழாய் திறக்கும் நேரத்தில் விட்டுவிட்டு மின்துடிப்பு கொடுத்து, சிறிய அளவில் மனிதர்களிடமும் சோதித்தார்கள். செய்ய முடிகிறது என்பது தெரிந்தது. பலன் நிரூபணமாகவில்லை. இன்று எந்த வழிகாட்டுதலும் தசையைக் காக்க மின்துடிப்பு கொடுங்கள் என்று பரிந்துரைக்கவில்லை.

இதே குடும்பத்தைச் சேர்ந்த மற்ற முயற்சிகளுக்கும் ஏறக்குறைய இதே கதிதான். கையில் ரத்த அழுத்தப் பட்டையைக் கட்டி இறுக்கி இறுக்கித் தளர்த்தினால் இதயத் தசை தப்பும் என்று பெரிய நம்பிக்கை இருந்தது. 5,000-க்கும் மேற்பட்ட மாரடைப்பு நோயாளிகளிடம் செய்து 2019-ல் வெளியான சோதனையில், மரணமோ இதயச் செயலிழப்போ குறையவில்லை. ஆய்வுக்கூடத்து விலங்கு இளசு, ஆரோக்கியமானது. எங்கள் மேசைக்கு வருகிறவர் 67 வயதுக்காரர், சர்க்கரையும் ரத்த அழுத்தமும் இருக்கலாம், பத்து மாத்திரை சாப்பிடுகிறவர். விலங்கில் பலித்தது அவரிடம் பலிக்காமல் போவதற்கு இந்த வித்தியாசம் ஒரு முக்கியமான காரணம் என்று கருதப்படுகிறது. இந்த ஆய்வுகள் தோற்கும்போதெல்லாம் எனக்கு நிஜமாகவே வருத்தமாக இருக்கும். குழாயைத் திறக்கக் கற்றுக்கொண்டுவிட்டோம், திறந்த பிறகு சாகிற தசையை நிறுத்த இன்னும் கற்றுக்கொள்ளவில்லை.

உங்கள் கோரிக்கையில் இன்னொரு பிசகும் இருக்கிறது. அந்த ஆராய்ச்சி முழுவதும் அடைத்த குழாயைத் திறக்கும்போது நடக்கிற சேதத்தைப் பற்றியது. அப்பாவின் இடது குழாய் குறுகியிருக்கிறதே தவிர, ரத்தம் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. இரண்டு வாரத்தில் நடக்கப்போவது முன்கூட்டியே திட்டமிட்ட வேலை. அங்கே பல மணி நேரமாகப் பட்டினி கிடந்த தசை எதுவும் இல்லை. அதனால் அந்தக் கட்டுரை சொல்கிற பாதுகாப்பு, நிரூபணமாகியிருந்தாலும்கூட, அப்பாவின் இந்த நிலைக்குப் பொருந்தாது.

‘பலன் இல்லாவிட்டாலும் கெடுதல் இல்லையே’ என்று நினைக்காதீர்கள். ஒயரின் ஆபத்துகளை மேலே சொன்னேன். அதோடு, தேவையில்லாமல் துடிப்பைக் கூட்டினால் தசைக்கு ஆக்ஸிஜன் தேவையும் கூடும். வலது கீழ் அறையிலிருந்து கிளம்புகிற துடிப்பில் மேல் அறை கொடுக்கும் உதவிச் சுருக்கம் வீணாவதால் சிலருக்கு ரத்த அழுத்தம் இறங்கும். நாடி விழுந்து கிடக்கும்போது இந்த விலையைத் தாராளமாகக் கொடுக்கலாம், கொடுத்தே ஆக வேண்டும். நாடி 70-ல் ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும்போது எதற்காகக் கொடுப்பது?

ஒருவேளை மருத்துவமனையிலிருந்தே இப்படி ஓர் ஆய்வில் சேரச் சொல்லிக் கேட்டால், சேருவதும் மறுப்பதும் அப்பாவின் விருப்பம். மறுத்தால் வழக்கமான சிகிச்சை குறையக் கூடாது. நெறிமுறைக் குழுவின் அனுமதி இருக்கிறதா, தீங்கு நேர்ந்தால் யார் பொறுப்பு, நடுவில் விலகலாமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

அடுத்த ஆஞ்சியோபிளாஸ்டிக்கு முன்

அந்த இரண்டாவது அடைப்பை இப்போது தொட வேண்டுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். மாரடைப்புக்குக் காரணமான குழாயை மட்டும் திறந்துவிட்டு மற்றதை மருந்தோடு விடுவதா, எல்லாவற்றையும் திறப்பதா என்று நெடுங்காலம் விவாதம் இருந்தது. 4,041 பேரிடம் நடந்த ‘கம்ப்ளீட்’ என்ற சோதனையின் முடிவு 2019-ல் வந்தது. 70 சதவீதத்துக்கு மேல் அடைப்புள்ள மற்ற குழாய்களையும் சில வாரங்களுக்குள் திறந்தவர்களுக்கு, பிற்பாடு இதய மரணமோ மறுபடி மாரடைப்போ வருவது குறைந்தது. சுமார் மூன்று வருடத்தில் 10.5 சதவீதமாக இருந்தது 7.8 சதவீதமாயிற்று. முன் ரத்தக்குழாய் இதயத்தின் பெரும்பகுதிக்கு ரத்தம் கொடுக்கிறது. ஆகவே உங்கள் மருத்துவர் சொல்கிற யோசனை நியாயமானது. சிறுநீரகக் கோளாறோ, ரத்தக் கசிவு வரும் உடல்வாகோ அப்பாவுக்கு இருந்தால் அதைச் சேர்த்து யோசிக்க வேண்டியிருக்கும்.

கால்சியம் கல்லாகப் படிந்த இடத்தில், குழாயை அகலப்படுத்த உள்ளே விடுகிற பலூன் விரியாது. அதற்குத்தான் துளைக்கும் கருவியில் வைரத்துகள் பதித்த குமிழ் போன்ற சின்ன முனை. அது நிமிடத்துக்கு ஒன்றரை லட்சம் சுற்று என்ற கணக்கில் சுழன்று கால்சியத்தை மாவாக அரைக்கும். அந்தத் துகள்கள் நுண்ணிய குழாய்களுக்குள் போகும்போதும், ரத்த அணுக்கள் உடைந்து அடினோசின் என்ற பொருள் வெளியாகும்போதும் நாடி சற்று நேரம் விழலாம். வலது குழாயில் இந்த வேலையைச் செய்யும்போது இது அதிகம் நடக்கும். அங்கே சிலர் முன்கூட்டியே ஒயர் போட்டுக்கொண்டுதான் தொடங்குவார்கள். முன் ரத்தக்குழாயில் இது குறைவு. உங்கள் மருத்துவர் ‘வேண்டுமென்றால்’ என்று சொன்னது அலட்சியத்தால் இருக்காது, இந்த வித்தியாசம் தெரிந்து சொன்னதாகவே எனக்குப் படுகிறது.

அவருக்கு முன்னால் இருக்கிற வழிகளைச் சொல்கிறேன், பேசும்போது உங்களுக்கு உதவும். ஒவ்வொரு முறையும் சில நொடிகள் மட்டும் அரைத்து, நடுவே இதயத்துக்கு ஓய்வு கொடுக்கலாம். அட்ரோபினையும் அடினோசினை எதிர்க்கும் அமினோஃபிலினையும் கைவசம் வைத்துக்கொள்ளலாம். தொடைச் சிரையில் குழலை மட்டும் போட்டு வைத்து, நாடி விழுந்தால் மட்டும் அதன் வழியே ஒயரைச் செலுத்தலாம். தொடக்கத்திலேயே ஒயரைப் போட்டுவிடலாம். இன்னொரு வழியும் உண்டு. ரத்தக்குழாய்க்குள் ஏற்கெனவே இருக்கிற வழிகாட்டிக் கம்பியின் வெளி முனையில் பேஸ்மேக்கரின் ஒரு கிளிப்பையும், தோலில் குத்திய ஊசியில் இன்னொன்றையும் மாட்டி, அதன் மூலமே துடிப்பைக் கொடுப்பது. 1985-லேயே விவரிக்கப்பட்ட முறைதான் இது. வலது கீழ் அறைக்குள் தனியாக ஒயர் போகாததால் துளைபடும் பயம் இல்லை, ஆனால் சில நிமிடங்களுக்கு மட்டுமே கைகொடுக்கும்.

இதில் எது என்று நீங்கள் தேர்ந்தெடுத்துக் கட்டளையிட வேண்டாம். அவர் கை பழகியிருக்கிற முறையே பாதுகாப்பானது. ஆனால் இந்தக் கேள்விகளை உரிமையோடு கேளுங்கள்:

- சென்ற முறை நாடி விழுந்தது தெரிந்த நிலையில், இந்த முறை உங்கள் திட்டம் என்ன?
- இப்போதைய இசிஜியில் மின்பாதை முழுவதும் சரியாகிவிட்டதா, ஏதாவது மிச்சம் இருக்கிறதா?
- அரைக்காமல் வேறு முறையில் கால்சியத்தை உடைக்க வழி உண்டா? இந்தக் கருவியை இங்கே எவ்வளவு அடிக்கடி பயன்படுத்துகிறீர்கள்?
- சிக்கல் வந்தால் அறுவை சிகிச்சைக் குழு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது?

போகும்போது சம்மரி, பழைய இசிஜிகள், ஆஞ்சியோ படம் பதிந்த குறுந்தகடு மூன்றையும் கொண்டுபோங்கள். அவற்றின் நகலைக் கேட்டு வாங்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.

அப்பாவுக்குத் தெரியாமல் நடக்கக் கூடாது

உங்கள் கடிதத்தில் நான் ஒத்துக்கொள்ள முடியாத இடம் இது ஒன்றுதான். அன்று இரவு அப்பா பேசுகிற நிலையில் இல்லை, அதனால் நீங்கள் கையெழுத்துப் போட்டீர்கள். இப்போது நடக்கிறார், செய்தி பார்க்கிறார், கணக்கு வழக்கு பார்க்கிறார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் அவர் இதயத்தில் என்ன செய்யலாம் என்று சம்மதம் சொல்ல வேண்டியவர் அவர். நீங்களும் அண்ணனும் பேசி முடிவெடுத்து, ‘சும்மா செக்கப்’ என்று கூட்டிப்போய் மேசையில் படுக்க வைப்பது முறையல்ல, சட்டப்படியும் சரியல்ல. அன்பினால்தான் மறைக்கிறீர்கள், அது புரிகிறது. ஆனால் எதுவும் சொல்லப்படாத நோயாளி எல்லாவற்றையும் ஊகித்துக்கொண்டு தனியாகப் பயந்துகொண்டிருப்பதை நான் வார்டில் பலமுறை பார்த்திருக்கிறேன். சென்ற முறை ஒயர் போட்டதும் எடுத்ததும் அவர் உடம்பில் நடந்தது. அது ஏன் என்று அவருக்கும் தெரிய வேண்டும். நிதானமாக, ஒரு நாளைக்குக் கொஞ்சமாகச் சொல்லுங்கள். ‘அன்னைக்கு நாடி குறைஞ்சுபோச்சுப்பா, அதுக்கு ஒரு ஒயர் வச்சு எடுத்தாங்க, இப்ப சரியாயிடுச்சு’ என்று தொடங்கினாலே போதும்.

மாத்திரை விஷயத்தில் இரண்டு எச்சரிக்கை. ஸ்டென்ட் மூடாமல் இருக்கக் கொடுத்திருக்கும் ஆஸ்பிரினையும் அதோடு சேர்ந்த இரண்டாவது மாத்திரையையும் ஒரு வேளைகூட விடக் கூடாது. பல் பிடுங்கவோ வேறு எதற்கோ நிறுத்தச் சொன்னாலும் இதய மருத்துவரைக் கேட்காமல் நிறுத்த வேண்டாம். அந்த இரண்டாவது மாத்திரை டிகாக்ரெலார் என்றால், சிலருக்கு மூச்சு வாங்குவதும் நாடி மெதுவாவதும் உண்டு. அப்படி இருந்தால் நீங்களாக நிறுத்தாமல் உடனே சொல்லுங்கள், மாற்றுவதற்கு மருந்து இருக்கிறது. அடுத்து, துடிப்பைக் குறைக்கும் மெட்டோப்ரோலால் போன்ற மாத்திரை. ஹார்ட் பிளாக் வந்து போனவருக்கு அதைத் தொடங்கும் நேரமும் அளவும் மருத்துவர் பார்த்து முடிவு செய்ய வேண்டியவை. தெரிந்தவர் ஒருவர் அதே மாத்திரை சாப்பிடுகிறார், அப்பாவுக்கு ஏன் எழுதவில்லை என்று கேட்டிருந்தீர்களே, காரணம் பெரும்பாலும் இதுதான்.

தினமும் காலையில் அப்பாவின் மணிக்கட்டில் ஒரு முழு நிமிடம் நாடியை எண்ணிக் குறித்து வையுங்கள். 40-க்குக் கீழே போனாலோ, தலைசுற்றி விழப் பார்த்தாலோ, மயங்கினாலோ, நெஞ்சுவலியோ அன்றைக்கு வந்தது போன்ற வயிற்று எரிச்சலும் வியர்வையுமோ வந்தாலோ, இந்த முறை ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டாம். உடனே ஆம்புலன்ஸை அழையுங்கள்.

அடுத்த வாரம் மருத்துவரைப் பார்க்கப் போகும்போது அப்பாவை உங்கள் பக்கத்தில் உட்கார வையுங்கள், அண்ணனை வீடியோ அழைப்பில் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த இரவின் ஆஞ்சியோ படத்தை ஓட விட்டுக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். அடைத்திருந்த குழாய் திறந்து, அடுத்த சில நொடியில் ரத்தம் நுனி வரை ஓடுவது அதில் தெரியும். பக்கத்தில் நிழலாக அந்த ஒயரும் தெரியும். அண்ணன் அதை ஒருமுறை கண்ணால் பார்க்கட்டும்.